நிறுவனங்கள் பன்முகத்தன்மைக் கொள்கையை ஏன் கொண்டுவருகின்றன, ஏன் கைவிடுகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆள் எடுக்கும் வேலையில், அதாவது எச்.ஆர் பக்கத்தில், பல வருடங்கள் இருந்திருக்கிறேன். சமீப காலமாக நண்பர்களும் உடன் வேலை செய்தவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. உதாரணங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவைச் சேர்ந்தவை. இந்தக் கொள்கைகள் வளர்ந்ததும் அங்கேதான், இப்போது பெரிய அளவில் பின்வாங்குவதும் அங்கேதான்.

பன்முகத்தன்மைக் கொள்கை என்று எதைச் சொல்கிறார்கள்?

ஒரே பெயரில் பல விஷயங்களை மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. வேலை விளம்பரத்தை எங்கே போடுவது, நேர்காணலில் யார் யார் உட்காருவது, சம்பளத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்று கணக்கு பார்ப்பது, மாற்றுத்திறனாளிக்கு ஏற்ற மேசையும் மென்பொருளும் வாங்கித் தருவது, ஊழியர் குழுக்கள், பயிற்சி வகுப்புகள், "இத்தனை சதவீதம் மேலாளர்கள் பெண்களாக இருக்க வேண்டும்" என்ற இலக்குகள், விழா நாள்களில் லோகோவின் நிறத்தை மாற்றுவது எல்லாமே இந்த மூட்டைக்குள் இருக்கின்றன. ஒரு நிறுவனம் "கைவிட்டோம்" என்று அறிவித்தால், இதில் எதைக் கைவிட்டது என்பதுதான் முதல் கேள்வி. லோகோவைக் கைவிடுவதும் சம்பளக் கணக்கைக் கைவிடுவதும் ஒன்றல்ல.

இதுவும் இட ஒதுக்கீடும் ஒன்றா?

இல்லை. அமெரிக்காவில் தனியார் நிறுவனம் ஒன்று இனத்தையோ பாலினத்தையோ பார்த்து "இந்த இடம் இவருக்கு" என்று ஒதுக்குவது பொதுவாகச் சட்டப்படி செல்லாது. 1964இல் சிவில் உரிமைச் சட்டம் வந்தது முதலே அப்படித்தான். இலக்கு வைக்கலாம், விண்ணப்பிப்பவர்களின் வட்டத்தை விரிக்கலாம். ஆனால் கடைசியில் ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது இனம் காரணமாக இருக்கக் கூடாது. இந்தக் கோட்டைச் சில நிறுவனங்கள் தாண்டியதும் உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

நிறுவனங்கள் மனம் மாறியா இதைத் தொடங்கின?

அப்படியும் சிலர் உண்டு. ஐபிஎம் தலைவர் தாமஸ் வாட்சன் ஜூனியர், தகுதி உள்ளவரை இனம், நிறம், மதம் பார்க்காமல் எடுப்போம் என்று 1953இல் தன் மேலாளர்களுக்கு எழுதினார். நாடு தழுவிய சட்டம் வருவதற்குப் பதினொரு வருடம் முன்பே எழுதிய கடிதம் அது.

மற்றவர்களில் பெரும்பாலானோர் சட்டம் வந்த பிறகுதான் அசைந்தார்கள். 1961இல் அதிபர் கென்னடி, அரசு ஒப்பந்தம் எடுக்கும் நிறுவனங்கள் பாகுபாடு காட்டக் கூடாது என்று ஆணையிட்டார். 1964இல் சிவில் உரிமைச் சட்டம் வந்தது. 1965இல் அடுத்த அதிபர் ஜான்சன் 11246ஆம் எண் ஆணையைப் பிறப்பித்தார். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்து, 50,000 டாலருக்குக் குறையாத அரசு ஒப்பந்தமும் வைத்திருக்கும் நிறுவனம் எழுத்து மூலம் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்ற விதி அதன் வழியாக வந்ததுதான்.

சட்டம் "பாகுபாடு காட்டாதே" என்றது. காட்டவில்லை என்று எப்படி நிரூபிப்பது என்பதைச் சொல்லவில்லை. அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் அன்றைய பணியாளர் பிரிவு அதிகாரிகள். எழுத்தில் வேலை விவரம், எல்லா ஊழியர்களும் பார்க்கும்படி காலியிட அறிவிப்பு, வருடாந்திர மதிப்பீட்டுப் படிவம், புகார் கொடுக்க ஒரு வழி என்று இன்று நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் பலவும் அந்தக் காலத்தில்தான் பரவின. இதனால் பயன் அடைந்தவர்கள் சிறுபான்மையினர் மட்டும் அல்ல. மேனேஜரின் மைத்துனராக இல்லாத எல்லோருக்குமே கொஞ்சம் கதவு திறந்தது.

1971இல் ஒரு தீர்ப்பு வந்தது. வட கரோலினாவில் டியூக் பவர் என்ற மின் நிறுவனத்தின் நிலையம் ஒன்று. அங்கே கறுப்பின ஊழியர்களுக்குக் கூலி வேலைப் பிரிவில் மட்டுமே இடம். அந்தப் பிரிவின் மிக உயர்ந்த சம்பளம், மற்ற பிரிவுகளின் மிகக் குறைந்த சம்பளத்தைவிடக் குறைவு. சட்டம் அமலுக்கு வந்த அதே நாளில், நல்ல பிரிவுகளில் சேருவதற்கு நிறுவனம் இரண்டு எழுத்துத் தேர்வுகளை வைத்தது. பள்ளி இறுதிச் சான்றிதழும் கேட்டது. ஆனால் அந்தச் சான்றிதழ் இல்லாமல் ஏற்கெனவே சேர்ந்திருந்த வெள்ளையர்கள் அதே வேலைகளை நன்றாகவே செய்துகொண்டிருந்தார்கள். வேலைக்குத் தொடர்பே இல்லாத தேர்வு ஒரு பிரிவினரை வெளியே தள்ளினால், கெட்ட எண்ணம் இல்லாவிட்டாலும் தவறுதான் என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. அதன் பிறகு ஒவ்வொரு நிறுவனமும் தன் தேர்வுமுறையைத் தானே எடுத்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

அரசே விலகினால் நிறுவனங்களும் விலகிவிடுமா?

எப்போதும் அல்ல. 1985இல் அதிபர் ரீகன் அரசில் ஒரு பகுதியினர் ஜான்சனின் ஆணையைப் பலவீனப்படுத்தப் பார்த்தார்கள். "அப்பாடா, விட்டது தொல்லை" என்று நிறுவனங்கள் சொல்லும் என எதிர்பார்த்திருப்பார்கள். தேசிய உற்பத்தியாளர் சங்கமோ அந்தத் திட்டங்கள் தொடரட்டும் என்றது. இருபது வருடத்தில் அந்த நடைமுறைகள் அன்றாட வேலையாக ஊறிப்போயிருந்தன. அதைப் பார்ப்பதற்கென்று ஆட்கள் இருந்தார்கள். வழக்கு வந்தால் நீதிமன்றத்தில் காட்டக் காகிதம் இருந்தது. அதைவிட முக்கியம், அடுத்த அரசு என்ன சொல்லும் என்று யாருக்கும் தெரியாது. இன்று கலைத்துவிட்டு நாளை மறுபடி கட்டுவதைவிட வைத்துக்கொள்வதே லாபம் என்று நினைத்தார்கள்.

அந்தக் காலத்தில் மாறியது பேச்சுதான். சட்டத்தின் மொழியை விட்டு வியாபாரத்தின் மொழிக்கு வந்தார்கள். 1987இல் ஹட்சன் என்ற ஆய்வு அமைப்பு வெளியிட்ட ஓர் அறிக்கை, 2000ஆம் ஆண்டுவரை வேலைக்குப் புதிதாக வருபவர்களில் உள்நாட்டில் பிறந்த வெள்ளை ஆண்கள் 15 சதவீதம்தான் என்றது. அது வருபவர்களிலிருந்து விலகுபவர்களைக் கழித்த நிகர அதிகரிப்பைப் பற்றிய கணக்கு. புதிதாக வரும் எல்லோரிலும் வெள்ளை ஆண்கள் அவ்வளவுதான் என்று பலர் அதைத் தப்பாகப் படித்தார்கள். ஆனாலும் "நாளைய ஊழியர்களுக்கு இன்றே தயாராவோம்" என்ற பேச்சு நிலைத்துவிட்டது.

பன்முகத்தன்மை இருந்தால் லாபம் கூடும் என்பது உண்மையா?

அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனம் 2015இலிருந்து வெளியிட்ட அறிக்கைகள் இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாகச் சொன்னன. அவற்றைக் காட்டாத எச்.ஆர் கூட்டமே அப்போது இல்லை. நானும் காட்டியிருக்கிறேன். ஆனால் தொடர்பு வேறு, காரணம் வேறு. நன்றாக ஓடும் நிறுவனத்திடம் பணம் இருக்கிறது, அதனால் இதிலும் செலவழிக்கிறது என்றும் ஆகலாம். 2024இல் ஜெரமையா கிரீன், ஜான் ஹேண்ட் என்ற இரண்டு பேராசிரியர்கள் எஸ் அண்ட் பி 500 பட்டியலில் உள்ள பெரிய அமெரிக்க நிறுவனங்களை வைத்து அதே கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். அந்தத் தொடர்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

என் வருத்தமெல்லாம் இதுதான். ஒருவரை நியாயமாக நடத்துவதற்கு லாபக் கணக்கைக் காரணமாகக் காட்டினோம். லாபம் வராது என்று யாராவது சொன்ன நாளில் நியாயத்தையும் சேர்த்து விடுவதற்கு நாமே வழி செய்து கொடுத்தோம்.

அப்படியானால் உண்மையான காரணம் என்ன?

பயம் என்று சொன்னால் கடுமையாக இருக்கும், ஆனால் அதுதான் பெரிய பங்கு. யாரைப் பார்த்துப் பயம் என்பது மட்டும் காலத்துக்குக் காலம் மாறுகிறது.

1996இல் டெக்சாகோ எண்ணெய் நிறுவனத்தில், பாகுபாட்டு வழக்கு நடந்துகொண்டிருந்தபோது உயரதிகாரிகள் ஆவணங்களை மறைப்பது பற்றிப் பேசிய ஒலிப்பதிவு வெளியே வந்தது. சில நாள்களிலேயே நிறுவனம் 17.6 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. 2000இல் கோக கோலாவும் பாகுபாட்டு வழக்கில் 19.25 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அதற்கு நடுவே 1998இல், பணியிடப் பாலியல் தொந்தரவைத் தடுக்கவும் புகாரை விசாரிக்கவும் முறையான ஏற்பாடு வைத்திருக்கும் நிறுவனம் சில வழக்குகளில் அதைத் தற்காப்பாகச் சொல்லலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்புறம் என்ன, கையேடும் பயிற்சியும் இல்லாத பெரிய நிறுவனமே இல்லை என்றானது.

இப்போது அதே பயம் எதிர்த் திசையில் திரும்பியிருக்கிறது. நோவன்ட் ஹெல்த் என்ற மருத்துவமனைக் குழுமத்தில் வேலை இழந்த வெள்ளையின அதிகாரி ஒருவர், தன் இனமும் பாலினமும்தான் காரணம் என்று வழக்குப் போட்டார். 2021இல் ஜூரி அவருக்கு 1 கோடி டாலர் தரச் சொன்னது. தொகை பின்னர் குறைந்தாலும், அவர் பக்கமான தீர்ப்பு 2024இல் மேல்முறையீட்டிலும் நின்றது. 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம், பெரும்பான்மைப் பிரிவைச் சேர்ந்தவர் வழக்குப் போட்டால் கூடுதல் ஆதாரம் கேட்கக் கூடாது என்று ஒருமனதாகச் சொன்னது. அது நியாயமான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். பாகுபாடு யாருக்கு நடந்தாலும் பாகுபாடுதான்.

2020இல் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கியது ஏன்?

மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கறுப்பினத்தவர் போலீஸ் பிடியில் இறந்தார். அந்த வீடியோவை உலகமே பார்த்தது. ஊழியர்கள் கேள்வி கேட்டார்கள், வாடிக்கையாளர்கள் கேட்டார்கள், போட்டி நிறுவனம் அறிக்கை விட்டுவிட்டது. இந்த நிலையில் மௌனமாக இருப்பதே ஒரு பதிலாகிவிடும். ஆக எல்லோரும் பேசினார்கள், நிதி அறிவித்தார்கள், தலைமைப் பன்முகத்தன்மை அதிகாரி என்ற பதவியை உருவாக்கினார்கள்.

அதில் உண்மையான வேதனையோடு செயல்பட்டவர்களை எனக்குத் தெரியும். ஆனால் பல இடங்களில் அந்த அதிகாரிக்கு அறையும் பதவிப் பெயரும் கொடுத்தார்கள், ஆள் எடுப்பதிலோ சம்பளத்திலோ கை வைக்கும் அதிகாரத்தைக் கொடுக்கவில்லை. ஒரு வருடத்தில் நட்டது வேர் பிடிக்கவில்லை. 2022, 2023இல் தொழில்நுட்ப நிறுவனங்கள் ஆட்களைக் குறைத்தபோது இந்தக் குழுக்களும் அடிவாங்கின. அரசியல் எதுவும் மாறுவதற்கு முன்பே தொடங்கிவிட்ட பின்வாங்கல் இது.

பிறகு எது திருப்பியது?

ஒன்றன் பின் ஒன்றாக மூன்று தள்ளுகள்.

முதலாவது நீதிமன்றம். 2023 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம், பல்கலைக்கழகச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதைச் செல்லாது என்றது. வேலைவாய்ப்பைப் பற்றிய வழக்கே அல்ல அது. ஆனாலும் அடுத்த மாதமே 13 மாநிலங்களின் குடியரசுக் கட்சி அட்டர்னி ஜெனரல்கள், அதாவது அரசின் தலைமை வக்கீல்கள், நாட்டின் 100 பெரிய நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினார்கள்.

இரண்டாவது வாடிக்கையாளர். விவசாயிகளும் கிராமப்புற மக்களும் அதிகம் வாங்கும் டிராக்டர் சப்ளை என்ற கடைத்தொடர் மீது 2024 ஜூனில் சமூக வலைத்தளப் பிரச்சாரம் ஒன்று கிளம்பியது. சில வாரங்களில் அந்த நிறுவனம் பன்முகத்தன்மைப் பதவிகளையும் இலக்குகளையும் நீக்கியது. அதன் பின் ஜான் டீர், ஹார்லி டேவிட்சன், ஃபோர்டு, வருடக் கடைசியில் வால்மார்ட் என்று ஒவ்வொன்றாகத் திட்டங்களைக் குறைத்தன. ஒன்று விழுந்தால் அடுத்ததைத் தள்ளுவது சுலபம்.

மூன்றாவது அரசு. 2025 ஜனவரி 21 அன்று டிரம்ப், ஜான்சனின் 1965 ஆணையை ரத்து செய்தார். அதோடு, அரசு ஒப்பந்தம் பெறுபவர்கள் "சட்டவிரோதமான பன்முகத்தன்மைத் திட்டம் எதையும் நடத்தவில்லை" என்று சான்று தர வேண்டும் என்றார். பொய்ச் சான்று என்று நிரூபணமானால் அரசை ஏமாற்றிப் பணம் வாங்குபவர்கள் மீதான மோசடிக் கோரிக்கைச் சட்டம் பாயும். அதில் நஷ்டத்தைப் போல மூன்று மடங்கு கட்ட வேண்டியிருக்கும். எது சட்டவிரோதம் என்று ஆணை தெளிவாகச் சொல்லவில்லை. இந்தத் தெளிவின்மைதான் நிறுவன வக்கீல்களை நடுங்க வைத்தது. 1964இலும் தெளிவின்மைதான் நிறுவனங்களை ஓட வைத்தது என்பதை நினைத்துப் பாருங்கள். அன்று கூடுதலாகச் செய்து தப்பித்தார்கள், இன்று கூடுதலாக விட்டுத் தப்பிக்கிறார்கள்.

சட்டமே மாறிவிட்டதா?

1964 சட்டம் அப்படியே இருக்கிறது. இனம், நிறம், மதம், பாலினம், பிறந்த நாடு பார்த்து வேலை மறுப்பது அன்றும் சட்டவிரோதம், இன்றும் சட்டவிரோதம். அதிபரின் ஆணையால் சட்டத்தை மாற்ற முடியாது, அதை அமல்படுத்தும் வேகத்தைத்தான் மாற்ற முடியும். 2025 ஏப்ரலில் வந்த இன்னோர் ஆணை, டியூக் பவர் தீர்ப்பிலிருந்து வளர்ந்த அந்த "எண்ணம் இல்லாவிட்டாலும் விளைவைப் பார்" என்ற வகை வழக்குகளுக்கு முக்கியத்துவத்தைக் குறைக்கும்படி அரசுத் துறைகளுக்குச் சொன்னது. ஆனால் ஊழியர் தானே நீதிமன்றம் போகும் வழி மூடப்படவில்லை.

எல்லா நிறுவனங்களும் விட்டுவிட்டனவா?

இல்லை. காஸ்ட்கோ என்ற கடைத்தொடரில் பன்முகத்தன்மைத் திட்டத்தால் வரும் ஆபத்தை மதிப்பிடச் சொல்லி ஒரு பங்குதாரர் அமைப்பு தீர்மானம் கொண்டுவந்தது. இயக்குநர் குழு ஒருமனதாக எதிர்த்தது. 2025 ஜனவரியில் 98 சதவீதத்துக்கும் மேலான வாக்குகள் தீர்மானத்துக்கு எதிராக விழுந்தன. அடுத்த மாதம் ஆப்பிளிலும் அப்படி ஒரு தீர்மானம் சுமார் 97 சதவீத எதிர்ப்பில் தோற்றது.

டார்கெட் என்ற கடைத்தொடரின் கதை வேறு. ஜார்ஜ் ஃபிளாய்டு இறந்த அதே மினியாபொலிஸ்தான் அதன் தலைமையகம். 2020இல் உரக்கப் பேசிய நிறுவனம். 2025 ஜனவரியில் இலக்குகளை நிறுத்துவதாக அறிவித்ததும், பல வருடங்கள் அங்கே நம்பி வாங்கியவர்கள் கோபத்தில் புறக்கணித்தார்கள். அடுத்த காலாண்டில் விற்பனை 2.8 சதவீதம் குறைந்தது. அதற்கான காரணங்களில் அந்த அறிவிப்புக்கு வந்த எதிர்வினையும் ஒன்று என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. என்ன சொல்கிறாய் என்பதைவிட, நேற்று சொன்னதை இன்று விட்டுவிட்டாயே என்பதுதான் மக்களை அதிகம் காயப்படுத்தியது.

இவை இரண்டுக்கும் நடுவில் சத்தமில்லாமல் பெயர் மாற்றியவர்கள் நிறையப் பேர். "பன்முகத்தன்மை" போய் "அனைவருக்கும் இடம்", "வாய்ப்பு", "பண்பாடு" என்று வந்திருக்கிறது. சில இடங்களில் வேலை அப்படியே நடக்கிறது, சில இடங்களில் பெயர் மட்டும்தான் மிச்சம்.

கட்டாயப் பயிற்சி வகுப்புகளால் பயன் உண்டா?

மிகக் குறைவு. அலெக்சாண்ட்ரா கலேவ், ஃபிராங்க் டாபின், எரின் கெல்லி என்ற சமூகவியலாளர்கள் 708 தனியார் பணியிடங்களின் 1971 முதல் 2002 வரையிலான விவரங்களை அலசி, 2006இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மேலாளர் பதவிகளில் பெண்களும் கறுப்பினத்தவரும் கூடினார்களா என்பதுதான் கேள்வி. பயிற்சி வகுப்புகளால் கிடைத்தது மிகக் கொஞ்சம். வழிகாட்டித் திட்டங்கள் ஓரளவு உதவின. "இதற்குப் பொறுப்பு இவர்" என்று ஆளையோ குழுவையோ வைத்துப் பதில் கேட்ட இடங்களில்தான் நல்ல மாற்றம் தெரிந்தது.

நான் வேலை செய்த ஓர் இடத்தில் வருடம் ஒரு முறை ஆன்லைன் பயிற்சி உண்டு. ஒரு மணி நேர வீடியோ, கடைசியில் பத்துக் கேள்விகள். வீடியோவை ஒரு ஜன்னலில் ஓடவிட்டு இன்னொரு ஜன்னலில் மெயில் பார்ப்போம். பத்துக்கும் விடை எழுதிய ஸ்கிரீன்ஷாட் குழுவுக்குள் சுற்றும். மாதக் கடைசியில் "98 சதவீதம் பேர் முடித்துவிட்டார்கள்" என்று மேலே அறிக்கை போகும். அதே மாதம் கர்ப்பமாக இருந்த சக ஊழியர் ஒருவரைப் பெரிய திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள், "அவருக்கு எதற்குச் சிரமம்" என்று. எடுத்த மேனேஜர் அந்தப் பத்துக்குப் பத்தில் ஒருவர். அன்று நான் வாய் திறக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

பாகுபாடு இன்னும் உண்மையாகவே இருக்கிறதா? பழைய கதை இல்லையா?

மேரியான் பெர்ட்ராண்ட், செந்தில் முல்லைநாதன் என்ற பொருளியலாளர்கள் பாஸ்டன், சிகாகோ பத்திரிகைகளில் வந்த வேலை விளம்பரங்களுக்குச் சுமார் 5,000 சுயவிவரங்களை அனுப்பினார்கள். தகுதியில் வித்தியாசம் இல்லை, பெயரில்தான் வித்தியாசம். எமிலி, கிரெக் போன்ற வெள்ளையர் பெயர்களுக்குப் பத்து விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்பு வந்தது. லக்கீஷா, ஜமால் போன்ற கறுப்பினத்தவர் பெயர்களுக்கு ஏறக்குறைய பதினைந்து அனுப்பினால்தான் ஓர் அழைப்பு. 2004இல் வெளியான ஆய்வு அது. பெயரைப் படித்தவுடன் கை தானாக அடுத்த காகிதத்துக்குப் போகும் பழக்கம், ஓர் ஆணையால் வந்ததும் அல்ல, ஓர் ஆணையால் போவதும் அல்ல.

அமெரிக்காவுக்கு வெளியே?

அங்கே பல இடங்களில் இது சட்டமாகவே இருக்கிறது. நார்வே 2003இல் இயக்குநர் குழுக்களில் ஆண், பெண் இரு தரப்புக்கும் குறைந்தது 40 சதவீதம் என்று சட்டம் போட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் அதேபோல் ஒரு நெறிமுறையை ஏற்றது. பிரிட்டனில் 250 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் 2017 முதல் ஆண், பெண் சம்பள இடைவெளியை வெளியிட வேண்டும். இரண்டு பக்கமும் கிளை வைத்திருக்கும் நிறுவனம் ஓரிடத்தில் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும், இன்னோரிடத்தில் அதைப் பற்றிப் பேசவே தயங்க வேண்டும்.

பன்முகத்தன்மை பார்த்தால் தகுதி குறையும் என்கிறார்களே?

தேர்வுமுறை ஒழுங்காக இருந்தால் குறையாது. ஒரு நேர்காணல் நினைவுக்கு வருகிறது. மூன்று பேர் கேள்வி கேட்கிறோம். எல்லோருக்கும் அதே ஐந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். எங்களுக்குள் பேசிக்கொள்வதற்கு முன்பே எழுதிவிட வேண்டும் என்பது விதி. முதலில் வந்தவர் சரளமாகப் பேசினார், மேனேஜர் படித்த கல்லூரியில் படித்தவர், சிரிக்க வைத்தார். அடுத்து வந்த பெண் தயங்கித் தயங்கித்தான் பேசினார். ஆனால் "நீங்கள் கண்டுபிடித்த ஒரு தவறைச் சொல்லுங்கள்" என்ற மூன்றாவது கேள்விக்கு, இரண்டு மாதக் கணக்கில் ஒரே பில் இரண்டு முறை ஏறியிருந்ததை எப்படிப் பிடித்தார் என்று படிப்படியாகச் சொன்னார். காகிதங்களைத் திருப்பிப் பார்த்தோம். மூன்று பேருமே அவருக்கு ஐந்து போட்டிருந்தோம். முதலாமவருக்கு அதே கேள்வியில் இரண்டு. "நமக்கு செட் ஆவாரா என்று பார்த்தால்..." என்று மேனேஜர் ஆரம்பித்தார். பிறகு தன் கையெழுத்தையே பார்த்து நிறுத்திக்கொண்டார்.

என் நிறுவனம் கொள்கையின் பெயரை மாற்றியிருக்கிறது. எதைப் பார்த்து முடிவு செய்வது?

அறிவிப்பைப் படிக்காதீர்கள், நடைமுறையைக் கேளுங்கள். காலியிடம் வந்தால் எல்லோருக்கும் தெரியப்படுத்துகிறார்களா, இல்லை ஆளை முடிவு செய்த பிறகு அறிவிப்பு வருகிறதா? சம்பளக் கணக்கை இந்த வருடமும் பார்த்தார்களா? புகார் கொடுத்தவர் இன்னும் அதே பதவியில் இருக்கிறாரா? இதற்கெல்லாம் பொறுப்பு யார், அவரிடம் பதில் கேட்பவர் யார்?

மேலே சொன்ன அந்த ஐந்து கேள்விப் படிவம், நான் இருந்த இடத்தில் பன்முகத்தன்மைத் திட்டத்தின் கீழ் வந்தது. திட்டத்தை மூடியபோது யாரும் படிவத்தை ரத்து செய்யவில்லை. அச்சடித்துக் கொடுக்கும் ஆள் இல்லாமல் போனார், அவ்வளவுதான். இரண்டு மாதம் கழித்து ஒரு நேர்காணலுக்குப் போனபோது மேசையில் தண்ணீர் பாட்டிலும் சுயவிவரங்களும் மட்டும் இருந்தன. பழைய படிவத்தை என் லேப்டாப்பில் தேடி எடுத்து, மூன்று பிரதி அச்சடித்து, ஆளுக்கு ஒன்றாக வைத்தேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.